ஓரியூரில் இரண்டு மெழுகுதிரி

வெள்ளி இரவு, காரைக்குடி

செட்டிநாடு போகிறேன் என்றதும் நண்பர்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். கானாடுகாத்தான் அரண்மனையைப் பார், ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார், கண்டாங்கிச் சேலை எடு, பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு போடு. எந்த மெஸ்ஸில் நண்டு நன்றாக இருக்கும் என்பதில் மட்டும் யாருக்கும் ஒத்துப்போகவில்லை. எல்லாம் சரிதான், ஆனால் நானும் மகளும் கையில் வைத்திருக்கிற பட்டியல் வேறு. அது என் மனைவி எழுதி வைத்துவிட்டுப் போனது.

அவள் தேவகோட்டைக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். நான் தஞ்சாவூர்ப் பக்கம், திருநீறு பூசுகிற வீடு. இரண்டு பக்கமும் கொஞ்ச காலம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம் போனால் போகிறது என்று இறங்கி வந்தார்கள். ஆயரிடம் அனுமதி வாங்கி அவர்கள் ஊர்க் கோயிலிலேயே தாலி கட்டினேன். வேதக்காரர்களுக்கும் தாலி உண்டு, அதில் சிலுவை இருக்கும் என்பதே என் பெரியப்பாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஊர் திரும்புகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் அவள் தவறிப்போனாள். உயிர் போனது சென்னையில்தான், ஆனாலும் அப்பா அம்மா பக்கத்தில்தான் தன்னை வைக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தேவகோட்டையில் அடக்கம் செய்தோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அவளுக்கு இது முதல் வருஷம்.

பட்டியல் என்றேனே, அதைச் சொல்கிறேன். அவளுடைய அப்பா ஒரு செட்டியாரிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். முதலாளியின் பேரேட்டைப் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவாராம், தன் வீட்டுக் கணக்கு நோட்டில் மேலே சின்னதாக ஒரு சிலுவை போடுவாராம். மகளுக்கும் அந்தக் கை வந்துவிட்டது. பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் எழுதுகிற அதே நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்து, அங்கிருந்து சாமி கணக்கு எழுதுவாள். யாருக்காக வேண்டிக்கொண்டாள், என்ன நேர்ந்துகொண்டாள், கொடுத்தாயிற்றா, பாக்கியா. கொடுத்து முடித்தால் ஒரு டிக். எனக்கு நெஞ்சுவலி வந்த வருஷத்துப் பக்கத்தில் ‘குன்றக்குடி முருகனுக்கு மொட்டை, இவர் போடணும்’ என்று இருக்கிறது. அதற்கு டிக்கும் இருக்கிறது. மாதாவிடம் தன் பங்குக்கு வேண்டியது போதாதென்று, முருகனிடம் என் தலையை அடகு வைத்தவள் அவள்.

கடைசிப் பக்கத்தில் சிலவற்றுக்கு டிக் இல்லை. உடம்பு முடியாமல் போனவருஷம் ஊருக்கு வராததால் நின்றுபோனவை. அவற்றை முடிக்கத்தான் வந்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடக்கத்தன்று பேசியவர்கள் எல்லோரும் அவளை அதிர்ந்து பேசாத சாது என்றார்கள். அதிர்ந்து பேசாதவளா! கோயம்பேட்டில் அவள் வாழைப்பூவுக்குப் பேரம் பேசி இவர்கள் கேட்டதில்லை. மாநகராட்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள், கடைசி பெஞ்சுக்குக் கேட்காத குரலில் அவள் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததற்கு அந்த இரங்கல் பேச்சுகளும் ஒரு காரணம்.

சனிக்கிழமை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி

காலையிலிருந்து தூறல். கானாடுகாத்தானைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912-இல் கட்டிய அரண்மனை, பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கிற வீடுகள், அவற்றில் முக்கால்வாசி பூட்டிக் கிடப்பது. படங்கள் நூறு கிடைக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வீடுகளை அவள் பார்த்த திசை வேறு. “எல்லாரும் முகப்புல நின்னு போட்டோ எடுக்குறாங்க, நான் பின்கட்டுல வளர்ந்தவ” என்பாள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு என்று எது வந்தாலும் அவளுடைய அம்மாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள், பலகாரம் செய்ய. பள்ளிக்கூடம் விட்டதும் இவளும் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். அந்த வீட்டு ஆச்சி இவள் வாயில் ஒரு தேன்குழலைத் திணித்துவிட்டு, ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம் என்பாராம்.

ஹோட்டலாக மாறிவிட்ட ஒரு வீட்டில் காபி குடித்தோம். வளவின் நான்கு பக்கத்துக் கூரையிலிருந்தும் மழை முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. பின்கட்டைப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். அங்கே போய் யாரும் பார்ப்பதில்லை போல, சிப்பந்திக்கு ஒரே ஆச்சரியம். வரிசையாக ஆட்டுக்கல், அம்மி, சுவரை ஒட்டிக் கருங்கல் தொட்டிகள். ஒரு ஓரத்தில் உடைந்த கட்டில். அவ்வளவுதான். மகள் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைப் பணியாரத்தை ஆரம்பித்துவிட்டாள், ஏனென்றால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் காலை என்றால் கேக் இல்லை, வெள்ளைப் பணியாரம்தான். உழக்கு நிறையப் பச்சரிசியை அளந்து, அதன் தலையிலேயே கோபுரமாக உளுந்தைக் குவிக்க வேண்டும், எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்தின் அளவு. ஊறவைத்து வெண்ணெய் பதத்துக்கு ஆட்டி, உப்பும் கொஞ்சம் பாலும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஊற்ற வேண்டும். தானாக மேலே எழும்பி வரும், மேலே எண்ணெயை அள்ளி விட்டுத் திருப்ப வேண்டும், சிவந்தால் போச்சு. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு அடுப்படிக்கு வந்துவிடுவாள். அன்றைக்குக் கிட்டே போனால் யாருக்கும் திட்டு நிச்சயம். கிறிஸ்து பிறந்த சந்தோஷமெல்லாம் எண்ணெய்ச் சட்டியை இறக்கிய பிறகுதான்.

படைப்பு என்றேன் அல்லவா, அது நகரத்தார் வீடுகளில் முன்னோருக்குச் செய்கிற சடங்கு. புதுப் புடவை, வேட்டி வைத்து, சமைத்துப் படைத்து, பங்காளிகள் எல்லோரும் கூடிக் கும்பிடுவார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் அதற்கு வந்துவிடுவார்கள், அன்றைக்குத்தான் பூட்டிய வீடுகள் திறக்கும். “அவங்க படைப்பு, எங்களுக்கு நவம்பர் ரெண்டு, செத்தவங்கள மறக்கக் கூடாதுன்னா எல்லாருக்கும் ஒரு தேதி வேணும்ல” என்பாள்.

மத்தியானம் ஆத்தங்குடி. கல்லறையைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்தால் என்ன என்று மகளுக்கு ஒரு யோசனை. பட்டறையில் ஒரு பெரியவர் செய்துகொண்டிருந்தார். கண்ணாடித் துண்டைக் கீழே வைத்து, அதன் மேல் சட்டம், அதற்குள் பூ வேலை செய்த அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சின்னக் கரண்டியால் சிமென்ட் கலந்த சாயத்தை ஊற்றுகிறார், சிவப்பு, பச்சை, மஞ்சள், ஒரு சொட்டு பக்கத்து அறைக்குப் போவதில்லை. அச்சைத் தூக்கியதும் சாயம் தான் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். கண்ணாடி விட்டுக்கொண்டு வரும்போது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும், சூளையும் கிடையாது, சுடுவதும் கிடையாது.

எதற்கு என்று கேட்டார். சொன்னோம். “வேணாம் தாயி, வெயில்லயும் மழையிலயும் கெடந்தா சாயம் வெளுத்துப்போகும், பாசி புடிக்கும். வீட்டுக்குள்ள போடுங்க, கல்லறைக்குக் கருங்கல்தான் சரி” என்றார். விற்க வேண்டியவர் வேண்டாம் என்கிறார். எண்ணூறு ரூபாய்க் கல்லை எட்டு நிமிஷம் பேசி வாங்குகிற பரம்பரை என்பதால் மகள் கொஞ்சம் வாதாடிப் பார்த்தாள், அவர் அசையவில்லை.

ஞாயிறு, தேவகோட்டை

மச்சான் வீட்டில்தான் இருக்கிறோம். முந்தாநாளே போய்க் கல்லறையில் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தான். “அத்தான், மழை வந்து பாதியக் கழுவிட்டுப் போயிருச்சு” என்று அவனுக்கு வருத்தம். அவன் மனைவி இரண்டு கூடை செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் வாங்கி வைத்திருந்தாள். “அண்ணே, மதினிக்கு மஞ்சச் செவ்வந்திதான் புடிக்கும், வெள்ளையக் கொண்டாந்தா என்னயவே திட்டுவாங்க” என்றாள். திட்டுவாளாம். ஊரில் ஒருத்திக்காவது உண்மை ஞாபகம் இருக்கிறது.

காலைப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். கவரில் பெயரும் காணிக்கையும் போட்டுக் கொடுத்திருந்தால் வாசிப்பார்கள், ஊர் பெரிது, பட்டியல் நீளம், நடுவில் ஃபாதருக்கே தொண்டை கட்டிக்கொண்டது. இவள் பெயர் வந்தபோது மகள் என் கையைப் பிடித்தாள். நான் பக்கத்து வரிசையில் தூங்கி வழிந்த ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம்தான் கல்லறைத் தோட்டம் நிறைந்தது. போகாதவர்களுக்குச் சொல்கிறேன், கல்லறைத் திருநாள் என்றால் அழுகை என்று நினைக்காதீர்கள், கிட்டத்தட்ட ஒரு திருவிழாதான். துபாயிலிருந்து வந்தவர், கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் எல்லோரும் இங்கேதான் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு கல்லறை மேல் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு இரண்டு கிழவிகள் பெண் பார்க்கிற பேச்சில் இருந்தார்கள். மழை விட்டு விட்டுப் பெய்ததால் மெழுகுதிரி நிற்கவில்லை, தேங்காய்ச் சிரட்டைக்குள்ளும் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள்ளும் வைத்துப் பார்த்தார்கள். உருகி வழிகிற மெழுகைச் சிறுவர்கள் சுரண்டிச் சுரண்டி உருண்டையாக்கிக்கொண்டிருந்தார்கள், யார் உருண்டை பெரிது என்று போட்டி. நடுவில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வர, நாலு பக்கத்திலிருந்தும் அவரைக் கூப்பிடுகிறார்கள். எங்களிடம் வந்து ‘நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே’ என்று தொடங்கியதும் மச்சான் குடும்பம் பதில் சொன்னது. எனக்கும் வந்தது. காதில் விழுந்து விழுந்து பதிந்திருக்கிறது.

வீட்டில் ராத்திரி ஜெபமாலை சொல்வாள், சமையலும் நடந்துகொண்டிருக்கும். மகள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்க வைத்தாள்: “அருள் நிறைந்த மரியே வாழ்க, ஏய் பாலைப் பாருடி, கர்த்தர் உம்முடனே, பொங்குது பாரு, பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே.” அவளுக்கு அது ஒரே ஜெபம்தான், பாலும் அதில் சேர்த்தி.

நோட்டில் இன்றைக்கு உரிய வரி: ‘கேக்க ஆளில்லாத கல்லறை, 6 திரி.’ உத்தரிக்கிற ஸ்தலத்தில் (மோட்சம் போகுமுன் பாவம் தீரக் காத்திருக்கிற இடம்) யாரும் நினைக்காத ஆத்துமாக்களுக்காக வேண்டுவது இவர்களிடம் உள்ள பழைய பழக்கம். இவள் அதற்கும் ஒரு எண்ணிக்கை வைத்திருந்தாள். மகள் கடைசி வரிசையில் எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில், பெயர்க் கல்லே இல்லாத மேடுகளாகத் தேடித் தேடி ஏற்றினாள். ஐந்தாவதை ஏற்றும்போது, “தம்பி, அது எங்க தாத்தாங்க” என்று பின்னாலிருந்து ஒருவர் வந்துவிட்டார். தம்பி என்றதைப் பெரிதுபடுத்தாமல் (முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள்) இருக்கட்டும் அண்ணே என்று சொல்லிவிட்டு அடுத்த மேட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கள், ஓரியூர், சருகணி

திருவாடானை தாண்டி ஓரியூர். ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் வந்துவிட்டோம், செட்டிநாட்டு எல்லையெல்லாம் முடிந்துபோனது, ஆனால் தேவகோட்டை வேதக்காரர்களுக்கு இது தங்கள் கோயில்தான். வழியெல்லாம் கண்மாய்களில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, கரையில் கருவேலம்.

வரலாறு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அருளானந்தர் என்று நாம் சொல்கிற ஜான் டி பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர், பெரிய இடத்துப் பிள்ளை. இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, பண்டாரசாமியாக மறவர் நாட்டில் நடந்தே திரிந்தார். தடியத்தேவர் என்ற இளவரசர் நோய் தீர்ந்து ஞானஸ்நானம் பெற வந்தபோது, ஒரு மனைவியோடுதான் வாழ வேண்டும் என்றார். தேவர் மற்ற மனைவிகளை விலக்கினார். அதில் இளையவள் கடலாயி, சேதுபதி மன்னரின் உறவுக்காரப் பெண். அவள் போய் அரண்மனையில் அழுதாள். கிழவன் சேதுபதி சாமியாரைப் பிடித்து ஓரியூருக்கு அனுப்ப, 1693 பிப்ரவரி 4 அன்று இங்கே தலையை வெட்டினார்கள். முந்தின நாள் சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்து மையாக்கிக் கடைசிக் கடிதம் எழுதினார். 1947-இல் புனிதர் பட்டம். இங்கே மண் சிவப்பாக இருக்கும், அவர் ரத்தம் விழுந்து சிவந்தது என்பது நம்பிக்கை, எல்லா மதத்துக்காரரும் ஒரு கைப்பிடி எடுத்துப் போவார்கள்.

இத்தனை வருஷமும் நான் உள்ளே போனதில்லை. அவள் இறங்கிப் போவாள், நான் எதிரே டீக்கடையில் பேப்பர் படிப்பேன். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது, அவளுக்கும் பக்கத்தில் ஆள் இல்லாமல் சாமியோடு பேச வசதி. ஆகவே நோட்டில் ‘ஓரியூர், திரி 2’ என்று இருப்பதைப் பார்த்து, ஒன்று எனக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள்தான் சிரித்தாள். “உங்களுக்கு இல்லப்பா. ஒண்ணு அருளானந்தருக்கு, ஒண்ணு கடலாயிக்கு.”

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டாளாம், கடலாயி கெட்டவதானே அம்மா என்று. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அதற்கு இவள், “என்ன கெட்டவ? கட்டிக்கிட்டுப் போன எடத்துல ஒருநாள் திடீர்னு நீ வேணாம்னா எங்க போவா? யாருகிட்டயாவது போய் அழத்தான் செய்வா. சாமி செத்தது பாவம்தான், அதுக்காக இவ பாவம் இல்லாமப் போயிருமா? சாமிக்குத் திரி ஏத்த ஊரே இருக்கு” என்றாளாம். சொல்லிவிட்டு இரண்டாவது திரியை ஏற்றியவள், அப்புறம் ஒரு வருஷமும் விடவில்லை.

இதை ஃபாதர் யாரிடமாவது சொன்னாளா, தெரியாது, சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு இறையியல் எல்லாம் படிப்பு கிடையாது. ஜெபத்தில் தூங்கிவிடுவாள், தவக்காலத்தில் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு முகம் திரும்பும், பங்கு மீட்டிங்கில் கணக்கு இடித்தால் விடமாட்டாள். ஆனால் ஒருவர் விட்டுப்போயிருக்கிறார் என்று அவள் கண்ணில் பட்டுவிட்டால் அவர் பெயர் நோட்டில் ஏறிவிடும், முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஆளானாலும் சரி. என்னோடு அத்தனை காலம் குடும்பம் நடத்தியவள், டீக்கடைக்கு எதிரே என்ன செய்தாள் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது.

மெழுகுதிரிக் கடைக்காரப் பெண் பெரியது ஒன்று, சின்னது ஒன்று எடுத்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே அளவில் வேண்டும் என்று நான் மாற்றி வாங்கினேன். மகள் ஒன்று ஏற்றினாள், நான் ஒன்று. எது யாருக்கு என்று பேசிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது சருகணி. மருது சகோதரர்கள் இந்தக் கோயிலுக்குச் செய்த கொடையைப் பற்றி ஊரில் இன்றும் பேசுவார்கள். 1973-இல் இறந்த பிரெஞ்சுக்காரர் லெவே சாமியாரின் கல்லறை இங்கேதான், அவருக்குப் புனிதர் பட்டத்துக்கான வேலைகள் நடக்கின்றன. நோட்டில் ஒரு பூசைக் காசு பாக்கி, அவளிடம் படித்த ஒரு பையன் வேலைக்கு. கட்டினோம், ரசீது வாங்கினோம். பையனுக்கு வேலை கிடைத்து இரண்டாவது கம்பெனிக்கே மாறிவிட்டானாம்.

செவ்வாய், தேவகோட்டை

கடைசி வரி: ‘பலகார அக்கா, 340.’ பின் தெருவில் வீட்டிலேயே செய்து விற்கிறவர். போய் உட்கார்ந்ததும் முதலில் ஒரு பாட்டம் அழுதார், அப்புறம் 340-ஐப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். “அது நான் அவளுக்குத் தரணும். பேத்திக்குப் பீஸ் கட்ட அனுப்புனா, அதுல பலகாரத்துக்குக் கழிச்சது போக மிச்சம்.” இல்லை அக்கா, கொடுக்க வேண்டியது என்றுதான் எழுதியிருக்கிறாள் என்று மகள் நோட்டைக் காட்டினாள். அவர் உள்ளே போய்த் தன் நோட்டை எடுத்து வந்தார். காலண்டர் தாளைத் தைத்துச் செய்த நோட்டு. அதிலும் 340, வரவா செலவா என்று போடவே இல்லை.

அரை மணி நேரம் நடந்தது. மகள் கடைசியில் போனை எடுத்து ஜிபேயில் போடப் பார்த்தாள், அக்கா ஸ்கேன் அட்டையையே தூக்கி உள்ளே வைத்துவிட்டார். “ஒங்கம்மா வாங்கிக்கன்னு சொல்லட்டும், வாங்கிக்கிறேன்” என்றார். அதற்கு யார் என்ன பதில் சொல்வது? கிறிஸ்துமஸுக்குச் சீப்புச் சீடை இரண்டு கிலோ, மாவுருண்டை ஒரு கிலோ பார்சலில் அனுப்பச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். முன்பணம் வாங்க மாட்டாராம். மச்சான் மனைவி ஒருபக்கம் கூப்பிடுகிறாள், சாப்பிட உட்கார வேண்டும், கவுனி அரிசி செய்திருக்கிறாளாம்.